கப்பலில் இரண்டு பந்தி: கடற்பயண இரவு உணவின் வரலாறு

உல்லாசக் கப்பலில் இடம் பதிவு செய்யும்போது, அறை எப்படி வேண்டும் என்பதற்கு அடுத்தபடியாகக் கேட்கப்படும் கேள்வி, இரவு உணவு எத்தனை மணிக்கு என்பது. பெரும்பாலான நிறுவனங்கள் மூன்று விடைகளை முன்வைக்கின்றன. மாலை 5.30லிருந்து 6.30க்குள் தொடங்குவது முதல் பந்தி. 8 மணியை ஒட்டித் தொடங்குவது இரண்டாம் பந்தி. இந்த இரண்டுக்கும் கட்டுப்படாமல், சாப்பாட்டுக் கூடம் திறந்திருக்கும் வரை நினைத்த நேரத்தில் வந்து உட்காரலாம் என்பது விருப்ப நேரம். முதல் இரண்டில் மேசையின் எண்ணும், உடன் உண்பவர்களும், பரிமாறுபவரும் பயணம் முடியும்வரை மாறுவதில்லை. மூன்றாவதில் இவை நாளுக்கு நாள் மாறலாம். பயணியின் பசியையும் பழக்கத்தையும் எண்ணிச் செய்த ஏற்பாடு போல இது தோன்றும். உண்மையில் இது கப்பலில் ஏறியவர்கள் எத்தனை பேர், கூடத்தில் போட்டிருக்கும் நாற்காலிகள் எத்தனை என்ற கணக்கிலிருந்து பிறந்த ஏற்பாடு.

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் இந்தக் கணக்குக்கு வேலையே இருக்கவில்லை. 1818ல் நியூயார்க்குக்கும் லிவர்பூலுக்கும் இடையே குறித்த நாளில் புறப்படும் சேவையை பிளாக் பால் லைன் தொடங்கியபோது, கட்டணம் கொடுத்து அறையில் பயணம் செய்தவர்கள் சிலர்தான். அவர்கள் கேப்டனோடு ஒரே மேசையில் உண்டார்கள். கீழ்த்தளத்தில் நெருக்கியடித்துக் கிடந்த குடியேறிகளுக்கு மேசை ஏது? தானியமும் உருளைக்கிழங்கும் கையோடு கொண்டுவந்து, மேல்தளத்தில் இருந்த அடுப்பில் முறை வைத்துப் பொங்கிக்கொண்டார்கள். புயல் அடித்தால் அடுப்பு அணைக்கப்படும், அன்று பட்டினி. பயணிகளுக்கு உணவுப்பொருள் தருவதும், பிறகு அதைச் சமைத்தே தருவதும் கப்பலின் பொறுப்பு என்ற நிலை சட்டங்களாலும் நிறுவனங்களிடையே வளர்ந்த போட்டியாலும் மெல்ல மெல்லத்தான் வந்தது.

நீராவிக் கப்பல் வந்த பிறகும் சில பத்தாண்டுகள் ஒரே மேசை, ஒரே நேரம் என்றே இருந்தது. குனார்டு நிறுவனத்தின் முதல் அட்லாண்டிக் கப்பலான பிரிட்டானியா 1840ல் ஓடத் தொடங்கியது. துடுப்புச் சக்கரம் பொருத்திய அந்த மரக்கப்பலில் 115 பயணிகளுக்கு இடம். பால் வேண்டும் என்பதற்காகக் கப்பலில் ஒரு பசுவும் பயணம் செய்தது. 1842 ஜனவரியில் அதில் அமெரிக்கா சென்ற சார்லஸ் டிக்கன்ஸ், உணவு வேளைகளைத் தம் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். பகல் ஒரு மணிக்கு ஒருமுறை மணி அடிக்கும். மாலை ஐந்து மணிக்கு மறுமுறை அடிக்கும். இரண்டு வேளையும் உருளைக்கிழங்கு தவறாது, முதலில் சுட்டது, பிறகு அவித்தது. நீண்டு குறுகிய அந்தச் சாப்பாட்டுக் கூடத்தை அவர் சவ ஊர்தியோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார். ஐந்து மணி இரவு உணவு இன்றைக்கு விசித்திரமாகப் படலாம். விளக்குக்கும் மெழுகுவத்திக்கும் கட்டுப்பாடு இருந்த கப்பலில், குளிர்காலத்து அட்லாண்டிக்கில், அது பொருத்தமான நேரம்தான்.

அந்தக் காலத்து மேசைகள் கூடத்தின் நீளத்துக்கு ஓடின. இருபுறமும் தரையில் அறைந்த பெஞ்சுகள். நடுவில் உட்கார்ந்தவர் வெளியே வர வேண்டுமானால் வரிசையே எழுந்து வழிவிட வேண்டும். தலைக்கு மேல் தொங்கும் சட்டங்களில் கண்ணாடிக் கோப்பைகள் மாட்டப்பட்டிருக்கும். கடல் கொந்தளித்தால் தட்டுகள் சரியாமல் இருக்க மேசை விளிம்பில் மரச்சட்டம் பொருத்துவார்கள். 1871ல் ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் ஓஷானிக் இந்த அமைப்பை உடைத்தது. அதுவரை ஆட்டம் மிகுந்த பின்பகுதியில் இருந்த முதல் வகுப்புக் கூடத்தை அது கப்பலின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, கப்பலின் முழு அகலத்துக்கும் விரித்தது. பெஞ்சை எடுத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் தனி நாற்காலி போட்டது. தனி நாற்காலி என்றால் தனி இடம். தனி இடம் என்றால் அதில் யார் உட்காருவது என்று யாராவது தீர்மானித்தாக வேண்டும். தலைமை ஸ்டூவர்டின் கையில் ஒரு வரைபடம் வந்தது அப்படித்தான். கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும் முன்பே விவரம் தெரிந்த பயணிகள் அவரைத் தேடிப் போய், நல்ல மேசையில் பெயர் எழுதச் சொல்வது வழக்கமாயிற்று. கேப்டன் மேசைக்கு அழைப்பு வருவது பெருமை. அதற்காகச் சிபாரிசும் நடக்கும்.

குறித்த இடத்தில், குறித்த நேரத்தில், முன்பின் தெரியாதவர்களோடு உண்பது எல்லோருக்கும் இயல்பாக வந்துவிடவில்லை. 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட பதினெட்டு வயது மோகன்தாஸ் காந்தி, பயணம் முழுவதும் சாப்பாட்டு மேசைப் பக்கமே போகவில்லை. கத்தியும் முட்கரண்டியும் பிடிக்கத் தெரியாது; பட்டியலில் இறைச்சி சேராத பண்டம் எது என்று கேட்கக் கூச்சம். ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே உண்டு நாளைக் கடத்தியதாக அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பந்தி முறையின் வரலாற்றில் இப்படி ஒதுங்கியவர்களுக்கும் இடம் உண்டு. பின்னாளில் விருப்ப நேரம் கேட்டவர்களில் பலரை உந்தியதும், பழக்கமில்லாதவர்களோடு ஒரே மேசையில் தினமும் உட்கார வேண்டுமா என்ற இதே தயக்கம்தான்.

இரண்டு பந்தி முதலில் வேரூன்றியது கீழ் வகுப்புகளில். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போன குடியேறிகளின் கூட்டம் பெருகியபோது, அவர்களுக்கும் மேசையும் நாற்காலியும் போட நிறுவனங்கள் முன்வந்தன. ஆனால் ஆயிரம் பேருக்கு ஆயிரம் நாற்காலி போட்டால், படுக்கை போட வேண்டிய இடத்தை அது தின்றுவிடும். 1912ல் மூழ்கிய டைட்டானிக்கில் கணக்கு தெளிவாகத் தெரிகிறது. அதன் முதல் வகுப்புக் கூடத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் உட்காரலாம். அதனால் அங்கே ஒரே பந்தி. மூன்றாம் வகுப்புக்கு இருந்த இடம் 473 பேருக்கு. அந்த வகுப்பில் ஆயிரம் பேர் வரை ஏற்றலாம் என்பதால், கூட்டம் சேர்ந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட பந்தி வைத்தே ஆக வேண்டும். முதல் வகுப்பில் கொம்பு ஊதி உணவுக்கு அழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் பெரிய சாப்பாடு நண்பகலில் முடிந்துவிடும். மாலையில் கிடைத்தது தேநீரும் அதோடு சேர்ந்த எளிய உணவும். எந்த நேரத்தில் உண்கிறார் என்பதை வைத்தே ஒருவர் எந்த வகுப்பு என்று சொல்லிவிட முடிந்த காலம் அது. முதல் வகுப்பிலும் குழந்தைகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்களுக்கும் தனியாக, முன்னதாகவே உணவு கொடுத்து அனுப்பிவிடுவது பல கப்பல்களில் வழக்கம். குழந்தைகள் உள்ள குடும்பங்கள் முதல் பந்தியைத் தேர்ந்தெடுக்கும் இன்றைய பழக்கத்தின் முன்னோடி இது.

விருப்ப நேரத்துக்கும் நூறாண்டு கடந்த கதை ஒன்று உண்டு. ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனத்தின் தலைவர் ஆல்பர்ட் பாலின், லண்டனில் சேசர் ரிட்ஸ் நடத்திய கார்ல்டன் ஹோட்டலில் உண்டு மயங்கியவர். 1905ல் ஓடத் தொடங்கிய தம் அமெரிக்கா என்ற கப்பலில் ரிட்ஸ்-கார்ல்டன் பெயரிலேயே ஓர் உணவகம் அமைத்தார். அந்த ஹோட்டலின் உள்ளலங்காரத்தைச் செய்த கட்டடக் கலைஞர் ஷார்ல் மெவேதான் கப்பலுக்கும் உள்ளலங்காரம் செய்தார். மணி அடித்ததும் ஓட வேண்டாம். பட்டியலைப் பார்த்து வேண்டியதைச் சொல்லி, வேண்டிய நேரத்தில், வேண்டியவர்களோடு உண்ணலாம். காசு தனி. டைட்டானிக்கிலும் லூயிஜி காட்டி என்ற இத்தாலியர் நடத்திய இதே மாதிரியான உணவகம் காலை எட்டு மணியிலிருந்து இரவு பதினொரு மணி வரை திறந்திருந்தது. பயணம் முழுவதும் அங்கேயே உண்பதாக முடிவு செய்தவர்களுக்குப் பயணக் கட்டணத்தில் கழிவும் கிடைத்தது. ஆக, இஷ்டப்பட்ட நேரத்தில் உண்ணும் உரிமை கடலில் முதலில் பணக்காரர்களுக்கு விற்கப்பட்ட பொருள்.

இரு உலகப் போர்களுக்கு இடையிலான பெருங்கப்பல்கள் வேறொரு வழியில் போயின. எல்லோரையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்கும் அளவுக்குக் கூடத்தைப் பெரிதாக்குவதே கௌரவம் என்று கருதினார்கள். 1935ல் வந்த பிரெஞ்சுக் கப்பல் நார்மண்டியின் முதல் வகுப்புக் கூடம் 93 மீட்டர் நீளம், வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தைவிட நீளமானது. ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. லாலிக் செய்த கண்ணாடி ஒளித்தூண்கள் வெளிச்சம் கொடுத்தன. எழுநூறு பேர் ஒரே பந்தியில் உண்டார்கள். அடுத்த ஆண்டு ஓடிய குயீன் மேரியின் கூடத்தில் அட்லாண்டிக் வரைபடம் ஒன்று சுவரை நிறைத்தது. கப்பல் அன்று எங்கே இருக்கிறது என்பதைச் சின்னஞ்சிறு படிகக் கப்பல் ஒன்று அதில் நகர்ந்து காட்டியது. இத்தனை இடத்தையும் உணவுக்கென்றே ஒதுக்கிவிட்டு, நாளில் பாதி நேரம் காலியாகப் போட்டுவைப்பது கட்டுப்படியாகாத ஆடம்பரம். அரசுகளின் நிதியுதவியும் நாட்டுப் பெருமையும் இருந்தவரை அது நடந்தது.

தமிழர்கள் அதிகம் பயணம் செய்த கடல்வழியில் நிலைமையே வேறு. 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜூலா கப்பலில் மேல் வகுப்பு அறைகளில் போனவர்கள் கொஞ்சம். டெக் பயணிகள் ஆயிரக்கணக்கில். வெள்ளை விரிப்பு விரித்த கூடமும் குறித்த நாற்காலியும் அறைப் பயணிகளுக்கு. மலாயாத் தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் போன டெக் பயணிகள் படுத்த இடத்திலேயே உட்கார்ந்து உண்டார்கள்.

1958 அக்டோபரில் முதலில் பிரிட்டனின் காமெட்டும், சில வாரங்களில் பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707ம் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறக்கத் தொடங்கின. பத்தே ஆண்டுகளில் பயணிகள் கப்பலுக்கு வேலையில்லாமல் போயிற்று. மிஞ்சியவை வெயிலையும் தீவுகளையும் விற்கும் உல்லாசக் கப்பல்களாக மாறின. டெட் ஆரிசனும் நார்வேயைச் சேர்ந்த க்னூட் க்ளோஸ்டரும் சேர்ந்து 1966ல் சன்வர்டு கப்பலை மயாமியிலிருந்து ஓட்டினார்கள்; நார்வீஜியன் க்ரூஸ் லைனின் தொடக்கம் அது. ராயல் கரீபியன் தன் முதல் கப்பலான சாங் ஆஃப் நார்வேயை 1970ல் இறக்கியது. ஆரிசன் பிரிந்து போய் 1972ல் கார்னிவல் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்த மூன்று நிறுவனங்களும் இன்றும் தொழிலின் முன்னணியில் இருக்கின்றன.

புதிய கப்பல்களில் வகுப்புப் பிரிவினை எடுபட்டுப் போனது. அறையின் விலை மாறும். உணவு எல்லோருக்கும் ஒன்று, கூடமும் ஒன்று. இங்கேதான் பழைய மூன்றாம் வகுப்பின் கணக்கு மேலே ஏறி எல்லோருக்கும் பொதுவானது. கப்பலின் மொத்தப் பயணிகளில் பாதிப் பேருக்கு நாற்காலி போட்டால் போதும்; மிச்ச இடத்தில் அறைகளும் சூதாட்டக் கூடமும் கடைகளும் கட்டலாம். வகுப்பு மறைந்த இடத்தில் கடிகாரம் வந்து உட்கார்ந்தது என்று சொன்னால் மிகையில்லை. 1962ல் பிரான்ஸ் என்ற பெயரில் ஓடத் தொடங்கிய பெருங்கப்பலை க்ளோஸ்டர் வாங்கி, 1980ல் நார்வே என்ற பெயரில் கரீபியனில் இறக்கியபோது இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும்படி நடந்தது. பழைய முதல் வகுப்புக் கூடமும் சுற்றுலா வகுப்புக் கூடமும் புதிய பெயர்களோடு எல்லோருக்கும் திறந்தன. இரண்டிலும் இரண்டு பந்தி.

பாதி நாற்காலி என்ற முடிவு சாப்பாட்டோடு நிற்கவில்லை. நாடக அரங்கையும் பாதிப் பேருக்கு ஏற்பக் கட்டினால் போதும் என்றானது: முதல் பந்தி உண்ணும்போது இரண்டாம் பந்திக்காரர்கள் ஆட்டமும் பாட்டும் பார்ப்பார்கள், பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். ஒரே நிகழ்ச்சி இரவில் இருமுறை மேடையேறும். மது அருந்தும் இடங்களும் கடைகளும் எப்போது நிரம்பும், எப்போது காலியாகும் என்பதை நிர்வாகம் நிமிடக் கணக்கில் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. கல்யாணப் பந்தியில் முதல் வரிசை எழுந்ததும் அடுத்த வரிசைக்கு இலை போடுவது போன்ற அவசரம்தான் இங்கும். இலையை மடித்து எடுப்பதற்குப் பதில் மேசைவிரிப்பை உருவி, கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்து, புது விரிப்பு விரித்துக் கரண்டிகளை அடுக்க வேண்டும். இதற்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை மணி நேரம். முதல் பந்தியில் அரட்டை அடித்து நேரம் கடத்துபவர்களைக் கிளப்புவது பரிமாறுபவர்களின் தனிக் கலை. காபி சீக்கிரம் வரும், தட்டுகள் மறையும், கூடத்தின் விளக்கு கொஞ்சம் பிரகாசமாகும்.

சமையற்கட்டுக்கு இந்த முறை பெரிய வசதி. எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்பது முன்பே தெரியும். ஆயிரம் தட்டு ஒரே அலையாகப் போய், இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த அலை போகும். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பரிமாறுபவரும் ஒரு துணையாளும் நிரந்தரம். இரண்டாம் நாளே யாருக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம், எந்தக் குழந்தை கேரட்டைத் தொடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வேலைக்கு வந்த இவர்களின் வருமானத்தில் சம்பளத்தைவிட டிப்ஸின் பங்கே பெரிது. கடைசி இரவில் பயணிகள் உறையில் பணம் போட்டு நேரில் கொடுப்பது அன்றைய வழக்கம். தீப்பிழம்போடு கூடிய பேக்டு அலாஸ்கா இனிப்புத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பரிமாறுபவர்கள் கூடத்தைச் சுற்றி ஊர்வலம் வருவதும் பயணத்தின் முடிவை ஒட்டிய இரவுகளில் ஒன்றில்தான். இரண்டு சடங்குக்கும் தொடர்பில்லை என்று யாரும் நம்பியதில்லை.

இரண்டு பந்திகளுக்கும் தனித்தனி சுபாவம் உருவானது. முதல் பந்தியில் குழந்தைகளோடு வந்தவர்கள், முதியவர்கள், மாத்திரைக்காக நேரத்தோடு உண்ண வேண்டியவர்கள், அமெரிக்காவின் உள்மாநிலங்களில் ஆறு மணிக்கே உண்டு பழகியவர்கள். இரண்டாம் பந்தியில் குழந்தை இல்லாத தம்பதிகள், ஐரோப்பியர்கள், உண்ட பிறகு நடனம் ஆட விரும்புபவர்கள். துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நாளில் முதல் பந்திக்காரர்கள் கரையிலிருந்து அரக்கப்பரக்க ஓடிவந்து, குளிக்காமல்கூட உட்கார வேண்டியிருக்கும். இரண்டாம் பந்திக்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு இரவு பத்தரை மணிக்கு வயிறு கனக்கப் படுக்கப் போவார்கள். மத்தியதரைக் கடலில் இந்தக் கணக்கே மாறும். இத்தாலியர்களையும் ஸ்பானியர்களையும் நம்பி ஓடும் கோஸ்டா, எம்எஸ்சி கப்பல்களில் முதல் பந்தியே ஏழு மணியை ஒட்டியும், இரண்டாவது ஒன்பது மணிக்கு மேலும் போவது சாதாரணம். ஸ்பெயின்காரருக்கு மாலை ஆறு மணிக்கு இரவு உணவு என்றால், அவர் அதை மதிய உணவின் மிச்சம் என்றுதான் நினைப்பார்.

வேண்டிய பந்தி கிடைக்காதவர்களுக்கென்று ஒரு சடங்கும் இருந்தது. பெட்டியை அறையில் போட்ட கையோடு கூடத் தலைவரைப் பார்க்க வரிசையில் நிற்பார்கள். பந்தி மாற்றித் தரச் சொல்லியும், ஜன்னலோர மேசை கேட்டும், எட்டுப் பேர் மேசையிலிருந்து இரண்டு பேர் மேசைக்குப் போகக் கேட்டும் வருபவர்களைச் சமாளிப்பதில் அவருக்கு முதல் நாள் பிற்பகல் முழுவதும் போய்விடும். இந்த வரிசையில் சில டாலர் நோட்டுகள் கைமாறியதும் உண்டு. பந்திக்கு முந்துவது நம் ஊர்ப் பழமொழிக்கு மட்டும் சொந்தமான குணமில்லை.

இந்தக் கட்டுக்கு வெளியே நின்றவை சிறிய, விலை உயர்ந்த கப்பல்கள். 1972ல் தொடங்கிய ராயல் வைக்கிங் லைன் ஒரே பந்தியில் எல்லோருக்கும் உணவு கொடுத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. 1984ல் வந்த சீ காடஸ் கப்பலில் நூற்றுச் சொச்சம் பயணிகள்தான். யாரும் எப்போதும் யாரோடும் உண்ணலாம். நாற்காலிகள் போதுமான அளவு இருந்தால் நேரம் ஒரு பிரச்சினையே இல்லை என்பதற்கு இவை சாட்சி. 1990ல் ஜப்பானியரின் முதலீட்டில் வந்த கிரிஸ்டல் ஹார்மனி இன்னொரு வாசலைத் திறந்தது. இரண்டு பந்தி கொண்ட பெரிய கூடத்தோடு, ஜப்பானிய உணவுக்கு ஒன்றும் இத்தாலிய உணவுக்கு ஒன்றுமாக இரண்டு சிறு உணவகங்களை வைத்தது. பெரிய கூடத்துக்கு மாற்று கப்பலுக்குள்ளேயே இருக்கலாம் என்பது மற்ற நிறுவனங்களுக்கும் பிடித்துப்போனது.

ஆனாலும் பெருங்கப்பலில் பந்தியை உடைத்த யோசனை வந்தது ஆசியாவிலிருந்து. மலேசியாவின் கெந்திங் குழுமம் 1993ல் தொடங்கிய ஸ்டார் க்ரூஸஸ், சிங்கப்பூரையும் போர்ட் கிளாங்கையும் மையமாகக் கொண்டு ஓடியது. அதில் ஏறிய சீனர்கள், மலாய்க்காரர்கள், இந்தியர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பட்டியலைப் பரிமாறுவது நடக்காத காரியம். சூப்பர்ஸ்டார் லியோ, சூப்பர்ஸ்டார் விர்கோ ஆகிய கப்பல்களில் பல உணவகங்கள் இருந்தன. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த விர்கோவில் இந்திய உணவுக்கும் தனி இடம் உண்டு. பயணி ஊரில் எப்படிக் கடை கடையாகப் பார்த்து உண்பாரோ அப்படியே கப்பலிலும் உண்டார். 2000ல் ஸ்டார் க்ரூஸஸ், நார்வீஜியன் க்ரூஸ் லைனை வாங்கியது. அதே ஆண்டு, காலின் வீச்சின் தலைமையில், அந்த நிறுவனம் ஃப்ரீஸ்டைல் க்ரூஸிங் என்ற பெயரில் குறித்த பந்தி, குறித்த மேசை, கட்டாய உடைமுறை மூன்றையும் கைவிட்டது. 2001ல் வந்த நார்வீஜியன் ஸ்டார், இந்த முறைக்கென்றே பல உணவகங்களோடு கட்டி முடிக்கப்பட்டது.

போட்டியாளர்கள் முதலில் ஏளனம் செய்தார்கள், பிறகு பின்பற்றினார்கள். பிரின்சஸ் நிறுவனம் கூடங்களைப் பிரித்து, சிலவற்றில் பழைய இரு பந்தியையும் மற்றவற்றில் விருப்ப நேரத்தையும் வைத்தது. ஹாலந்து அமெரிக்கா 2007ல் இரண்டடுக்குக் கூடத்தின் ஒரு தளத்தைப் பந்திக்கும் மற்றதை விருப்ப நேரத்துக்கும் ஒதுக்கியது. கார்னிவல் 2000களின் தொடக்கத்தில் இரண்டு பந்தியை நான்காக உடைத்து, 5.45, 6.15, 8.00, 8.30 என்று தொடக்க நேரங்களைச் சிதறவிட்டுப் பார்த்தது. கடைசியில் அதுவும் விருப்ப நேரத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ராயல் கரீபியன், செலிபிரிட்டி ஆகியவையும் மூன்றாவது விடையைப் படிவத்தில் சேர்த்துவிட்டன. ஆனால் அப்போது இவர்களில் யாரும் பழைய இரண்டையும் அழிக்கவில்லை. அதற்குக் காரணம் பாசமல்ல. முன்கூட்டியே எண்ணிக்கை தெரிந்த இரண்டு அலைகள் சமையற்கட்டுக்கு அடித்தளம். விருப்ப நேரக்காரர்கள் அந்த அடித்தளத்தின் மேல் ஏற்ற இறக்கம்.

பின்பற்றியவர்களிடையே பந்தியை முழுக்க அழித்துப் பார்த்த முயற்சி ஒன்று பிறகு வந்தது, அது தோற்றது. 2014 நவம்பரில் ராயல் கரீபியனின் குவாண்டம் ஆஃப் த சீஸ் புறப்பட்டபோது அதில் பெரிய கூடமே கிடையாது. தனித்தனி அலங்காரமும் பட்டியலும் கொண்ட நான்கு கட்டணமில்லா உணவகங்கள். ஒவ்வொரு இரவுக்கும் தனித்தனியாக முன்பதிவு. டைனமிக் டைனிங் என்று பெயர். சாதாரண அறைக்குப் பணம் கட்டியவர், அறை எடுத்த நாளிலிருந்தே ஏழு இரவுக்கும் இடம் பிடிக்கத் திட்டமிட வேண்டியிருந்தது. வாசலில் வரிசை நீண்டது. தங்களைத் தெரிந்த பரிமாறுபவர் இல்லையே என்று பழைய பயணிகள் முறையிட்டார்கள். குறித்த நேரம் கேட்டவர்களுக்காக, அதே பரிமாறுபவர்களோடு நான்கு உணவகங்களையும் சுற்றிவரும் ஒட்டு ஏற்பாடும் செய்து பார்த்தார்கள். 2016ல் நிறுவனம் பின்வாங்கி, இரண்டு பந்தியும் விருப்ப நேரமும் கொண்ட வழக்கமான முறைக்கே திரும்பியது. சுதந்திரம் என்று விற்கப்பட்டது நடைமுறையில் இன்னொரு படிவமாக இருந்ததுதான் அதன் குறை.

அந்த ஒட்டு ஏற்பாட்டின் மூலவடிவம் டிஸ்னியிடம் இருந்தது. 1998ல் வந்த டிஸ்னி மேஜிக்கில் மூன்று உணவகங்கள். பயணிகள் ஒவ்வொரு இரவும் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர, பரிமாறுபவர்களும் அவர்களோடே நகர்வார்கள். பந்தி மட்டும் இரண்டுதான். இடம் மாறும், முகம் மாறாது; குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

விருப்ப நேரம் பரவியதால் அதிகம் மாறியது பணப் பழக்கம். தினமும் வேறு மேசை, வேறு பரிமாறுபவர் என்றால் கடைசி இரவு உறையை யாரிடம் கொடுப்பது? நாளொன்றுக்கு இவ்வளவு என்று பயணியின் கணக்கிலேயே சேவைக் கட்டணத்தைப் பிடித்து எல்லோருக்கும் பங்கிடும் முறை வந்தது. விருப்ப நேரம் கேட்பவர்கள் டிப்ஸை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று ராயல் கரீபியன் விதித்ததும் இதனால்தான். காத்திருப்பும் ஒழிந்துவிடவில்லை. ஏழு மணிக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசிப்பதால், பந்தி முறையில் கடிகாரம் வைத்த கட்டுப்பாட்டை இங்கே வாசல் வைத்தது. கையில் ஒரு அதிர்வுக் கருவியைக் கொடுத்து அனுப்பி, மேசை காலியானதும் அழைத்தார்கள். இப்போது அதே வேலையைக் கைபேசிச் செயலி செய்கிறது. எட்டுப் பேர் மேசையில் அறிமுகமில்லாதவர்களோடு உட்காரும் வழக்கமும் இதோடு குறைந்தது. சிலருக்கு அது விடுதலை. பயணத்தில் கிடைத்த நட்பு என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இழப்பு.

எல்லாக் கப்பல்களும் ஒரே பக்கம் போகவில்லை என்பதற்குக் குனார்டு உதாரணம். 2004 முதல் ஓடும் குயீன் மேரி 2ல் பெரும்பாலான பயணிகள் பிரிட்டானியா கூடத்தில் இரண்டு பந்தியாக உண்ண, விலை உயர்ந்த அறைகளில் இருப்பவர்களுக்குப் பிரின்சஸ் கிரில், குயீன்ஸ் கிரில் என்று தனிக் கூடங்கள். அங்கே மேசை நிரந்தரம், பந்தி இல்லை, திறந்திருக்கும் நேரத்தில் எப்போதும் போகலாம். பழைய வகுப்பு முறை இப்படி உணவு நேரத்தின் வடிவில் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. மறுகோடியில், 2024ல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ். இருவருக்கு ஓர் அறை என்ற கணக்கில் 5,610 பயணிகள், நெருக்கி ஏற்றினால் 7,600. உண்ணவும் குடிக்கவும் இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள் இருந்தும், மூன்று தளங்களில் விரியும் பெரிய கூடம் அதிலும் உண்டு; முதல் பந்தி, இரண்டாம் பந்தி, விருப்ப நேரம் மூன்றும் உண்டு.

இந்தியக் கரைக்கு இந்த முறை தாமதமாகவே வந்து சேர்ந்தது. 1990ல் ராயல் கரீபியனுக்காகக் கட்டப்பட்ட நார்டிக் எம்ப்ரஸ் என்ற கப்பல், மூன்று நான்கு நாள் குறும்பயணங்களை எண்ணி, பின்பகுதியில் இரண்டடுக்குச் சாப்பாட்டுக் கூடத்தோடு அமைந்தது. அதே கப்பல் எம்ப்ரஸ் என்ற பெயரில், கோர்டேலியா நிறுவனத்துக்காக 2021ல் மும்பையிலிருந்தும் 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் ஓடத் தொடங்கியது. 2023ல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய், யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறையையும் தொட்டது. அதன் உணவில் ஜைன சமையலும் சேர்ந்தது. அட்லாண்டிக்கில் வகுத்த கால அட்டவணைக்கு ஜைனர்களின் வழக்கம் பிடிபடாத ஒன்று: சூரியன் மறைந்த பிறகு உண்ணாத நோன்பாளிக்கு, ஆறரை மணிக்குத் தொடங்கும் முதல் பந்திகூட ஆண்டின் பல மாதங்களில் பிந்திய பந்திதான். அவர்கள் இருட்டும் முன்பே திறந்திருக்கும் பஃபே கூடத்தில் உண்டுவிட்டு, இரண்டு பந்திகளையும் மற்றவர்களுக்கு விட்டுவிடுவார்கள்.